கதவு திறந்தாச்சு

“அந்தக் கோட்டைக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிடு,” என்றாள் அம்மா.

சின்னவள் காதில் விழாததுபோல மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தாள். பாதி தீர்ந்த அட்டை, தொடாத அட்டை, மூடி தொலைந்துபோன மருந்து பாட்டில். படுக்கையில் அப்பா கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தார். விடியும்போது போன உயிர். மூச்சுக் குழாயைக் கழற்றி எடுத்த இடத்தில், மூக்குக்கு இரண்டு பக்கமும் கோடு இன்னும் அழியாமல் பதிந்திருந்தது.

“உன்னத்தான் சொல்றேன். நம்மகிட்டப் பேசினதவிட அவங்ககிட்டப் பேசினதுதான் ஜாஸ்தி அந்த மனுஷன்.”

“சொல்றேம்மா.”

“சொல்றேன் சொல்றேன்னு எவ்வளவு நேரமா சொல்லிட்டிருக்க? சொந்தக்காரங்க அத்தன பேருக்கும் உங்கண்ணன் சொல்லி முடிச்சுட்டான். வண்டிக்கும் சொல்லியாச்சு. மத்தியானத்துக்கு மேல வருமாம்.”

தலையணைக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்த அப்பாவின் போன் மறுபடி அதிர்ந்தது. காலையிலிருந்தே அது அப்படித்தான். அம்மா அதை எடுத்துப் பார்க்கவில்லை. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று அவளுக்கு நினைவில்லை. சின்னவள் எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அதே செய்திகள் அவளுடைய போனுக்கும் வந்துகொண்டிருந்தன.

“வாசல், விடிஞ்சாச்சு. கதவத் திற.”

“வாசலுக்கு லஞ்சம் பத்தலபோல.”

“எவ்வளவு நேரம் வெளியே நிக்கிறது? என் குதிரைக்குக் கால் வலிக்குது.”

“உள்ள காக்காவாவது முழிச்சிருக்கா?”

சின்னவள் தன் போனைச் சத்தம் வராமல் அமுக்கிவிட்டு அடுக்களைப் பக்கம் போனாள்.

வருஷத்துக்கு மூன்று தடவை, ஊருக்கு வெளியே மூடிக்கிடக்கும் ஒரு செங்கல் சூளையில் நாற்பது பேர் கூடுவார்கள். கணக்கு பார்க்கிறவர், பல் பிடுங்குகிறவர், லாரி ஓட்டுகிறவள், சும்மா இருக்கிறவன் என்று எல்லா ரகமும் உண்டு. அங்கே போய்விட்டால் இரண்டு நாளைக்கு அவர்கள் வேறு ஆட்கள். தளபதி, ராணி, கொல்லன், ஒற்றன். ரப்பர் வாள், அட்டையில் வெட்டி வண்ணம் பூசிய கவசம், பழைய திரைச்சீலையில் தைத்த அங்கி. எழுதிவைத்த வசனம் எதுவும் கிடையாது. கோட்டை யாருக்கு, யார் யாரைக் காட்டிக்கொடுப்பது என்பதையெல்லாம் அவர்களாகவே பேசியும் அடித்தும் தீர்த்துக்கொள்ள வேண்டும். அதை நடத்துகிற மூன்று பேரில் சின்னவள் ஒருத்தி. விதிகள் எல்லாம் அவள் எழுதியவை.

அதில் ஒரு விதிக்கு எல்லாரும் கட்டுப்படுவார்கள். ஆட்டத்தின் நடுவில் யாருக்காவது உண்மையிலேயே அடிபட்டுவிட்டால், மயக்கம் வந்தால், உள்ளங்கையை உச்சந்தலையில் வைக்க வேண்டும். அந்தக் கையைப் பார்த்த மாத்திரத்தில் வாள்கள் இறங்கிவிடும். இது ஆட்டம் இல்லை, நிஜம் என்று அர்த்தம்.

ஒரு கூடலுக்கும் அடுத்த கூடலுக்கும் இடையில் போனில் ஒரு குரூப். அங்கேயும் ஆட்டம் ஓடும். ஆட்டப் பெயரில்தான் பேச வேண்டும். எவ்வளவு சண்டை வேண்டுமானாலும் போடலாம், யாரும் சாகக் கூடாது. சாவதாக இருந்தால் களத்துக்கு வந்து, நாலு பேர் பார்க்கச் சாக வேண்டும். இதுவும் அவள் எழுதியதுதான்.

அப்பா அந்தக் குரூப்பில் சேர்ந்தது, நுரையீரல் கெட்டுப்போய் வீட்டோடு கிடக்க ஆரம்பித்த பிறகு. அதற்கு முன் அவர் ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டினார். சின்ன ஸ்டூல், பித்தளைக் கைப்பிடி, மேலே ஒரு மின்விசிறி. எத்தனாவது மாடி என்று அவர் கேட்டதில்லை. “எங்க போறீங்க?” என்றுதான் கேட்பார். ஆட்களே தாங்களாகப் பொத்தானை அமுக்குகிற லிஃப்ட் வந்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டிலும் கொஞ்ச நாள், யார் எழுந்து நடந்தாலும் “எங்க போற?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மாவுக்கு எரிச்சல் வரும். “பாத்ரூமுக்குப் போறேன், கீழ் மாடி,” என்பாள்.

“நீ சிரிச்சுக்கிட்டே தட்டிட்டிருக்கியே, அதுல நானும் சேரட்டுமா?” என்று ஒருநாள் கேட்டார்.

இரண்டு நாளில் அலுத்துப்போய் விட்டுவிடுவார் என்று நினைத்துத்தான் சின்னவள் சேர்த்துவிட்டாள்.

“யாரா இருக்கப் போறீங்க? ராஜா குடும்பத்துல ஒரு சித்தப்பா எடம் காலியா இருக்கு.”

“வாசல்ல ஒக்காந்துக்கறேனே.”

“வெளயாட்டுலயுமா ஸ்டூலு?”

“ராஜாவுக்கு யார் வர்றா யார் போறான்னு என்னம்மா தெரியும்? உள்ளயே அடஞ்சு கெடப்பான், பாவம்.”

“சரி. ஆனா ஒண்ணு. நீங்க என் அப்பான்னு அங்க சொல்லக் கூடாது.”

“அது விதியா?”

“ஆமா, விதி.”

அப்படி ஒரு விதி இல்லை. பேச்சு ஆட்டப் பெயரில் இருந்தாலும், யார் யாருக்குப் புருஷன், யார் யாருக்குத் தம்பி என்பது எல்லாருக்கும் தெரியும். ஒற்றனின் மாமனார்தான் போன கூடலில் கஞ்சன் வியாபாரியாக வந்து கலக்கினார். ஆனால் அப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. லிஃப்டில் கேட்ட எதையும் வெளியே சொல்லக் கூடாது என்று பழகிய மனிதர். சரி என்று தலையாட்டிவிட்டு, போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ‘வாசல்’ என்ற பெயரில் கோட்டை வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார்.

அலுக்கவே இல்லை. விடிந்ததும் “கதவு திறந்தாச்சு, எல்லாரும் எங்க போறீங்க?” என்று எழுதுவார். அவர் அதை எழுதும்வரை கோட்டைக்குள் யாரும் எதுவும் செய்யக் கூடாது என்று அவரே ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். விளையாட்டாக எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். விரலால் தட்ட முடியாமல், பேசினால் எழுதிக்கொள்கிற வசதியைத்தான் பயன்படுத்தினார். நடுவில் இருமல் வரும். போன் அதையும் கடமையாக எழுதிவைக்கும். “கதவு திறந்தாச்சு கா கா கா எல்லாரும் எங்க போறீங்க.” யாரோ, என்ன இது என்று கேட்டார்கள். “வாசல்ல ஒரு காக்கா. துரத்தினாலும் போகமாட்டேங்குது,” என்று எழுதினார் அப்பா. அன்றிலிருந்து கோட்டை வாசலில் ஒரு காக்கா இருந்தது.

சின்னவளுக்குத்தான் தாங்கவில்லை. பக்கத்து அறையில் அவர் போனைப் பார்த்துப் பேசுவது கேட்கும். அடுத்த நொடி அது அவள் கையில் வந்து விழும். குரூப்பில் நாலு பேர் கிண்டல் செய்தால் காது மடல் சூடாகும். ஒருநாள் தளபதி எழுதினான்: “யாருப்பா இந்த வாசல்? ஒண்ணு பள்ளிக்கூடப் பையன், இல்லன்னா வேல வெட்டி இல்லாத பெருசு. எந்நேரமும் கா கா கா. நடத்தறவங்க கொஞ்சம் அடக்கி வைங்களேன்.” அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். அவளும் ஒன்று போட்டாள். யோசிக்கவே இல்லை, கை தானாகப் போட்டது. போட்ட பிறகு, சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் போன் அதிர்வது கேட்டது.

அன்றைக்கு அவர் ஒன்றும் எழுதவில்லை. சாப்பிடக் கூப்பிட்டபோது வந்து உட்கார்ந்தார். “குழம்புல உப்பு சரியா இருக்கு,” என்றார். மறுநாள் காலையில் வழக்கம்போல எழுதினார். கதவு திறந்தாச்சு. எல்லாரும் எங்க போறீங்க?

“அடுத்த கூடலுக்கு நானும் ஒரு தடவ வரட்டுமா?” என்று அதற்கு அப்புறமும் கேட்டிருக்கிறார். “ஓரமா ஒக்காந்துக்கறேன். மெஷின வண்டிலயே வச்சுக்கலாம்.”

“அங்க தரை ஒரே மேடு பள்ளம்பா. ஒங்களால முடியாது.”

உண்மையில் அது சுடாத பச்சைச் செங்கல்லைக் காயவைக்கிற தரை. பலகைபோல மட்டமாக இருக்கும்.

வாசல் மணி அடித்தது. மூச்சு மெஷினை வாடகைக்குக் கொடுத்த கடைக்காரர். காலையிலேயே அண்ணன் சொல்லியிருந்தான் போலிருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

“இப்ப எடுத்துக்கலாமா? இல்ல, நாளைக்கு வரட்டுமா? இன்னொரு வீட்டுல கேக்கறாங்க, அதான்.”

“எடுத்துக்குங்க,” என்றான் பெரியவன். “எங்களுக்கு இனி எதுக்கு?”

கடைக்காரர் மெஷினைத் தள்ளிக்கொண்டு போனபோது தரையில் அது நின்ற இடம் மட்டும் சதுரமாக வெளுத்துத் தெரிந்தது. அது ஓடும் சத்தம் இத்தனை மாதமாக வீட்டில் இருந்ததை, அது இல்லாதபோதுதான் மூன்று பேரும் கவனித்தார்கள். பெரியவன் மின்விசிறியைக் கூட்டிவைத்தான்.

“பாப்பா, அப்பாவுக்கு எந்தச் சட்ட போடறது?” என்று கேட்டான்.

“அந்த நீலம்.”

“அது லிஃப்டு யூனிபாரம்டி.”

“தெரியும். அவருக்கு அதுதான் பிடிக்கும்.”

“பிடிக்கும்னு அதையா? வர்றவங்க என்ன நெனப்பாங்க?” என்ற பெரியவன், தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டான். வர்றவங்க என்ன நினைப்பாங்க என்பதை அந்த வீட்டில் அதிகம் யோசித்தது அவன் இல்லை.

சின்னவள் பின்கட்டுக்குப் போய், துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து குரூப்பைத் திறந்தாள். மேலே அவள் வைத்த ஓட்டெடுப்பு இருந்தது. ‘கூடல்களுக்கு நடுவில் ஆட்டம் போனில் தொடர வேண்டுமா?’ இன்று சாயங்காலத்தோடு முடிகிறது. வேண்டாம் என்று ஆரம்பித்துவைத்தவள் அவள். போனைப் பார்க்க நேரமில்லாதவர்கள் களத்துக்கு வரும்போது பாதிக் கதை முடிந்துபோயிருக்கிறது என்று நீளமாக எழுதியிருந்தாள். “மத்தியானம் ஒரு மீட்டிங்குக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள என் நாட்டப் புடுங்கிட்டாங்க,” என்று ராணியும் ஒத்து ஊதினாள். கொல்லன்தான் விடவில்லை. “வருஷத்துல ஆறு நாள் நான் கொல்லன். மிச்ச நாள் பூரா யாரு? நெடுஞ்சாலைல ஹாரன் அடிக்கிறவ. ராத்திரி வண்டிய நிறுத்திட்டு ரெண்டு வாள் அடிச்சுக் குடுத்தாத்தான் எனக்குச் சோறு எறங்குது. அதயும் நிறுத்தணுமா?” என்று எழுதினாள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. ஓட்டும் ஏறக்குறைய சரிபாதியாகத்தான் இருந்தது. சின்னவள் இன்னும் ஓட்டுப் போடவில்லை. தான் எழுதிய காரணங்களுக்குப் பின்னால் நிற்கிற காரணம் என்னவென்று அவளுக்கே தெரியும். குரூப் நின்றுவிட்டால் சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரலும் நின்றுவிடும்.

முந்தாநாள் அப்பா அதைப் படித்துவிட்டு அவள் அறை வாசலில் வந்து நின்றார். குழாயின் நீளம் அதுவரைதான் வரும்.

“எனக்கு ஓட்டு உண்டாம்மா?”

“களத்துக்கு ஒரு தடவையாவது வந்தவங்களுக்குத்தான்பா.”

“ஓ.” குழாயைக் காலில் சிக்காமல் ஒதுக்கினார். “அதுவும் சரிதான். வந்தவங்கதான சொல்லணும்.” திரும்பப் போனவர் மறுபடி வந்தார். “எப்ப முடியுது?”

“நாளன்னிக்குச் சாயந்தரம்.”

“அப்ப நாளைக்கும் நாளன்னிக்கும் தெறக்கலாம்ல?”

“தெறங்கப்பா. யாரு வேணாங்கறா?” அவள் நிமிர்ந்து பார்க்காமலேயே சொன்னாள்.

இப்போது அவள் எழுதினாள். மூன்று தடவை அழித்து, நாலாவதாக எழுதியதை அனுப்பினாள்.

“வாசல் காலமாகிவிட்டார். அவருடைய குடும்பத்திலிருந்து தகவல் வந்தது.”

அனுப்பிய பிறகு அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடும்பத்திலிருந்து. உள்ளே அம்மா மூக்கைச் சிந்துவது கேட்டது.

முதலில் வந்தவன் ஒற்றன். “என்னைச் சந்தேகப்படாதீங்க. நேத்து நான் ஊர்லயே இல்ல.”

“கோட்டைக் கொடியை இறக்குங்கள். இது என் ஆணை,” என்றாள் ராணி.

“காக்காதான் விஷம் வச்சிருக்கும். எனக்கு அது மேல எப்பவுமே ஒரு கண்ணு.”

அப்புறம் தளபதி. “ஒரு நிமிஷம். நடுவுல யாரும் சாகக் கூடாதுன்னு யார் எழுதின விதி?”

அவள் எழுதியதுதான்.

“எனக்குப் புரிஞ்சுபோச்சு,” என்று தளபதி தொடர்ந்தான். “வாசல் செத்தா கதவு தெறக்காது. கதவு தெறக்கலன்னா குரூப்பு தானா நின்னுபோகும். ஓட்டுல தோத்துருவோம்னு பயந்து ஆளையே தீத்துட்டீங்க. நடத்தறவங்க நல்லாத்தான் யோசிக்கிறீங்க.”

“இது அநியாயம்,” என்றாள் கொல்லன். “வாசலத் திருப்பிக் குடுங்க.”

அதைப் பார்த்து இன்னொருவர் எழுதினார். வாசலத் திருப்பிக் குடு. அப்புறம் இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் அது கோஷம்போல ஆகிவிட்டது. வாசலத் திருப்பிக் குடு. வாசலத் திருப்பிக் குடு. ஒவ்வொன்றுக்கும் உள்ளே தலையணைக்குப் பக்கத்தில் அந்தப் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. ஆட்டம் அவ்வளவு கலகலப்பாக இருந்து பல மாதங்கள் ஆகியிருந்தன.

“விளையாட்டு இல்லை. உண்மையாகவே இறந்துவிட்டார்,” என்று எழுதினாள்.

“அப்ப எந்தக் குடும்பம்?” என்றான் தளபதி. “நம்பர் குடுங்க. நாங்களே பேசிக்கறோம்.”

பின்கதவில் அம்மா வந்து நின்றாள். கையில் ஒரு தம்ளர். மேல்வீட்டு டீச்சர் போட்டுக் கொடுத்த டீ.

“சொல்லிட்டியா?”

“சொன்னேன்.”

“என்ன சொல்றாங்க?”

“நம்பமாட்டேங்கறாங்கம்மா.”

“இதுல நம்பறதுக்கு என்ன இருக்கு? பெத்த பொண்ணு சொன்னா நம்பமாட்டாங்களா?”

சின்னவள் தம்ளரை வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை. டீயின் மேல் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பொண்ணுன்னு அவங்களுக்குத் தெரியாதும்மா.”

“யாருக்குத் தெரியாது?”

“யாருக்குமே. நான்தான் சொல்ல வேணாம்னு அப்பாகிட்ட…”

அம்மா கொடியில் காய்ந்த துண்டு ஒன்றை எடுத்து மடித்தாள். மடித்ததை உதறி, மறுபடியும் மடித்தாள்.

“எங்கிட்ட வேற மாதிரில்ல சொன்னாரு,” என்றாள் கடைசியில். “அங்க எல்லாருக்கும் தெரியும், இன்னாரோட அப்பான்னு ரொம்ப மரியாதையா பேசறாங்கன்னாரு. ‘ஒம்பொண்ணுக்கு அங்க நல்ல பேரு, அந்தப் பேருல எனக்கும் கொஞ்சம்’னு சொல்லுவாரு. தெனம் சொல்லுவாரு.”

பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது சின்னவளுக்கு.

போன் அடித்தது. தளபதி. அவள் எடுத்தாள்.

“இங்க பாருங்க, சும்மா கேக்கறேன். கிண்டல் வேற, இது வேற,” என்றான். அவன் குரலில் சிரிப்பு பாதி மிச்சம் இருந்தது. “நெஜமாவா? ஒங்களுக்குத் தெரிஞ்சவரா அவரு?”

“ம். தெரிஞ்சவர்தான்.”

அது வாயிலிருந்து வந்துவிட்டது. தெரிஞ்சவர். அவள் போனைத் துண்டித்தாள். அவன் திரும்ப அழைப்பதற்குள் எழுதிவிட வேண்டும்போல இருந்தது. அவசரத்தில் எழுத்துகள் மாறி மாறி விழுந்தன. திருத்தித் திருத்தி எழுதினாள்.

“தலைமேல் கை வைத்துச் சொல்கிறேன். வாசல் என் அப்பா. நான்தான் அவரைச் சொல்லவிடவில்லை.” அதற்குக் கீழே வீட்டு முகவரியைப் போட்டாள்.

கோஷம் நின்றது. யாரோ எழுதுகிறார் என்று காட்டும், பிறகு மறைந்துவிடும். இன்னொருவர் எழுதுவார், அதுவும் மறையும். அப்புறம் பழைய செய்திகள் ஒவ்வொன்றாகக் காணாமல்போக ஆரம்பித்தன. ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது.’ ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது.’ காலையில் எழுதியவை, போன வாரம் எழுதியவை, தளபதி அன்றைக்கு எழுதியது. சின்னவளும் மேலே மேலே தள்ளிக்கொண்டு போய்த் தன்னுடைய சிரிப்பு முகத்தைத் தேடிப் பிடித்தாள். விரலை அதன்மேல் வைத்தாள். அவர் பார்த்தாயிற்று. இனி எடுத்து யாருக்கு என்ன? அப்படியே விட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

வண்டி வருவதற்குச் சற்று முன்னால் அவர்கள் வந்தார்கள். பதினைந்து இருபது பேர் இருக்கும். அங்கி இல்லாமல், வாள் இல்லாமல், ஆபீஸிலிருந்தும் கடையிலிருந்தும் அப்படியே கிளம்பி வந்தவர்கள். ஒருவர் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. முன்கேட் விரியத் திறந்துதான் கிடந்தது. ஆனால் அவர்கள் தெருவிலேயே நின்றுவிட்டார்கள். முன்னால் நின்ற தளபதி உள்ளே எட்டிப் பார்ப்பதும் பின்னால் திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தான்.

“யார் இவங்கல்லாம்? ஒங்க ஆபீஸா?” என்று கேட்டான் பெரியவன்.

சின்னவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா வாசலுக்குப் போய்விட்டாள். வீடு மாறி வந்துவிட்டார்களோ என்று நினைத்தாளோ என்னவோ.

“எங்க போறீங்க?” என்று கேட்டாள்.

குண்டாக, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டிருந்த ஒருத்தி மட்டும் ஒரு அடி முன்னால் வந்தாள்.

“கோட்டைக்குங்கம்மா,” என்றாள் கொல்லன்.

அம்மா ஒதுங்கி வழி விட்டாள். “செருப்பு கெடக்கட்டும், அப்படியே வாங்க,” என்றாள்.

அறை சின்னது. ஆறு ஆறு பேராகத்தான் போக முடிந்தது. அப்பா நீலச் சட்டையில் இருந்தார். பெரியவன்தான் போட்டுவிட்டிருந்தான், பித்தளைப் பொத்தான்களைக்கூடத் துடைத்திருந்தான். முதலில் தளபதி வலது கையைத் தூக்கி, உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்தான். அவனைப் பார்த்து ராணி வைத்தாள். அப்புறம் எல்லாரும். அடுத்த ஆறு பேரும் அப்படியே.

“பாவம், எல்லாம் தலைல கைய வச்சுட்டு நிக்குதுங்க,” என்றார் மேல்வீட்டு டீச்சர் மெதுவாக. “அவ்வளவு பழக்கமா?”

சின்னவள் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். அவளும் கையை வைக்க வேண்டும். எத்தனையோ கூடல்களில், புதிதாக வந்தவர்களுக்கு அதை அவள்தான் செய்து காட்டியிருக்கிறாள். தோள்வரை வந்த கை அதற்கு மேல் வரவில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல அதைக் கீழே இறக்கிக்கொண்டாள். தளபதி அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்பினான். அது இன்னும் மோசமாக இருந்தது.

கொல்லன் கடைசியாக வெளியே வந்தாள். சின்னவளின் பக்கத்தில் வந்து நின்று, மெல்லக் கேட்டாள்.

“அந்தக் காக்கா?”

“அது காக்கா இல்ல. அவருக்கு இருமல். பேசும்போது வரும், போன் அப்படி எழுதிடும்.”

கொல்லன் சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். “நான் அதுக்குத் தெனமும் ரொட்டி போடுவேன்,” என்றாள். “சாப்பாட்டுக்கு வண்டிய நிறுத்தினா மொதல்ல அதுதான். ‘காக்காவுக்கு ஒரு துண்டு’ன்னு போடுவேன். ‘தின்னுடுச்சு, ஒங்கள விசாரிக்குது’ன்னு ஒடனே பதில் வரும்.”

வண்டி வந்தது. வண்டிக்காரரும் பெரியவனும் தலைமாட்டில் பிடித்தார்கள். தளபதியும் ஒற்றனும் கேட்காமலே வந்து கால்மாட்டில் பிடித்தார்கள். படி இறங்கும்போது யாரோ பழக்கத்தில் “பாத்து, பாத்து” என்றார்கள். அம்மா பின்னாலேயே வந்து அப்பாவின் போனைச் சின்னவளின் கையில் திணித்தாள். “இதுக்கு சார்ஜ் போட்டு வை,” என்றாள். எதற்கு என்று சொல்லவில்லை.

வண்டி தெருமுனை திரும்பும்வரை எல்லாரும் நடந்து போனார்கள். பெரியவனும் இன்னும் சில ஆண்களும் வண்டியோடு போனார்கள். மற்றவர்கள் திரும்பி வந்தபோது டீச்சர் முன்கேட்டைச் சாத்தப் போனார். “கெடக்கட்டும் டீச்சர்,” என்றாள் அம்மா. கேட் காற்றில் கொஞ்சம் அசைந்து, சுவரில் இடித்து, நின்றது.

கொல்லன் இன்னும் போகவில்லை. அவளுடைய லாரி தெருவின் பாதியை அடைத்துக்கொண்டு நின்றிருந்தது. பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அவள் அதைக் காதில் வாங்கவில்லை. சின்னவளின் கையில் இருந்த அப்பாவின் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதையோ கேட்கக் கூடாது என்று அடக்குவதும், அடக்க முடியாமல் போவதும் முகத்தில் தெரிந்தது.

“இன்னிக்குக் கேக்கக் கூடாது. தெரியும். ஆனா கேக்காமப் போனா எனக்கு வண்டி ஓடாது,” என்றாள். “சாயந்தரம் ஓட்டு முடியுது. ரெண்டு பக்கமும் இப்ப சரிசமமா நிக்குது. நீங்க மட்டும்தான் பாக்கி. போன்லயே இருந்துட்டு, களத்துக்கே வராமப் போனவரு ஒருத்தர். அவருக்கும் ஒரு ஓட்டு இருந்திருக்கணுமா, இல்லையா? நாளைக்குக் காலைல யாராவது கதவத் தெறக்கலாமா, இல்ல அவரோட சாத்திடலாமா? சொல்லுங்க, நீங்க என்ன நெனைக்கிறீங்க?”